வேலிக்கு வெளியே பன்னிரண்டு வீடுகள்

செவ்வாய்க்கிழமை காலை கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ளப் போன பிரேமிளா, குளக்கட்டின் அடியில் நிரையாக அறையப்பட்டிருந்த கட்டைகளைக் கண்டு, குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். தலையில் சிவப்பு மை பூசிய அந்தக் கட்டைகள் முதல்நாள் காலையில் அங்கே இருக்கவில்லை. நொச்சியடிக்குளம் ஊருக்கு மின்சார யானைவேலி வரப்போகிறது என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அதற்காக ஒரு வருடமாகக் காத்திருந்தவர்களுள் அவளும் ஒருத்தி. ஆகவே முதலில் அவளுக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. பிறகுதான் கட்டைகள் போகும் திசையைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். அவை குளக்கட்டோடு வந்து, வாய்க்காலைக் கடந்து, முன்வரிசை வீடுகளையும் அவற்றின் வயல்களையும் அணைத்துக்கொண்டு வடக்கே போயின. அவளுடைய வீடு இருந்த பின்வரிசையை அவை அணைக்கவில்லை. அதன் வாசலுக்கு முன்னால், ஒரு கோடு கிழித்ததுபோல, கடந்து போயின.

பின்வரிசையில் பன்னிரண்டு வீடுகள். அவற்றுக்குப் பின்னால் காடு. காட்டிலிருந்து இறங்கும் யானை இதுவரை அந்த வளவுகளின் ஊடாக நடந்து வயலுக்குப் போய்விடும். இனி அது வேலியில் முட்டித் திரும்பும். திரும்பிய யானைக்கு நிற்பதற்கும் தின்பதற்கும் கோபங்கொள்வதற்கும் அந்தப் பன்னிரண்டு வளவுகளைத் தவிர வேறு இடம் இராது.

“என்னா புள்ள, குடத்த வச்சிட்டு நிக்கிற?” என்று கேட்டுக்கொண்டு வந்தாள் அடுத்த வளவு மீனம்மா. மூன்று கிழமைக்கு முன்னர் யானையொன்று அவளுடைய குசினிச் சுவரைத் தள்ளி விழுத்தி, உப்புச் சாடியை நசுக்கிவிட்டுப் போயிருந்தது.

“கட்டையைப் பாருங்கோ அக்கா. எங்களை வெளியிலை விட்டுட்டுப் போகுது.”

மீனம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். “அளக்க வந்தவனுக்குக் கண்ணு தெரியலியா? பன்னெண்டு கூரை இருக்கே!”

“எங்கேயோ பிழை நடந்திருக்கு.”

“அப்ப நீதான் போயி கேக்கணும். எனக்கு ஆபீசுக்குள்ள போனா தொண்டையே அடைச்சிக்கும். ஆனைகிட்டக்கூட கத்திருவேன், அங்க முடியாது.”

கிணற்றடியில் கூடிய மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். எழுத்து வேலை என்றால் பின்வரிசையில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய பெற்றோர் எழுபத்தெட்டில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து அடிபட்டு ஓடிவந்து இந்தக் காட்டோரத்தைத் துப்புரவாக்கியவர்கள். அவள் இங்கேயே பிறந்து, சாதாரண தரம் வரை படித்து, போரில் எல்லோரையும் போல இடம்பெயர்ந்து, இரண்டாயிரத்துப் பத்தில் மீண்டும் இதே வளவுக்கு வந்து சேர்ந்தவள். முதலில் மீனம்மாவின் தொலைந்துபோன அடையாள அட்டைக்காக ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தாள். அட்டை வந்தது. அடுத்த கிழமை மூன்று பேர் வந்தார்கள். அவ்வளவுதான், யாரும் அவளைத் தெரிவு செய்யவுமில்லை, நியமிக்கவுமில்லை. படிவத்தோடு யாராவது படலையைத் திறக்கும்போது அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவாள்.

புதன்கிழமை காலை நெடுங்கேணிக்குப் போகும் பேருந்தில், சொல்ல வேண்டியதை அவள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். ‘பன்னிரண்டு குடும்பத்தை யானைக்கு விட்டுவிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?’ என்பது முதல் வாக்கியம். அது சற்றுக் கடுமையாக இருக்கிறதோ என்று அஞ்சி மாற்றினாள். மாற்றியது கெஞ்சலாக இருந்தது. மீண்டும் முதலாவதையே எடுத்துக்கொண்டாள்.

யானைவேலித் திட்டத்தின் அலுவலகம் சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. அங்கே அருந்ததி என்ற இளம் உத்தியோகத்தர் அவளைக் கதிரையில் இருத்தி, சொன்னதை முழுவதும் கேட்டாள். பிறகு எழுந்து, அலுமாரியிலிருந்து படிவங்கள் கட்டிய ஒரு கோவையை எடுத்து வந்தாள்.

“கோபிக்காதேங்கோ அக்கா. நாங்கள் கூரையைப் பாத்துக் கோடு போடேல்லை. போன வருசம் வாசிகசாலையிலை குடுத்த படிவத்தைப் பாத்துத்தான் போட்டது. இதுதான் உங்கடை பக்கத்துப் படிவங்கள்.”

பன்னிரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் ‘வதிவின் தன்மை’ என்ற இடத்தில் ‘தற்காலிகம்’ என்று எழுதப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, ‘வேறிடம் கிடைத்தால் செல்ல விருப்பமா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’. நீல மையில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. அந்த எழுத்தைப் பிரேமிளாவுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடைய எழுத்து.

பேருந்தில் ஒத்திகை பார்த்த வாக்கியம் அவள் வாயிலேயே கரைந்தது.

“தற்காலிகம் எண்டு இருக்கிறவையை வேலிக்கு உள்ளை எடுக்கிறேல்லை,” என்று அருந்ததி மெதுவாகச் சொன்னாள். “அவையின்ரை பேர் இடமாற்ற வீட்டுத்திட்டப் பட்டியலுக்குப் போயிட்டுது. றோட்டுக் கரையிலை காணி பாத்து வீடு கட்டிக் குடுக்கிற திட்டம்.”

“அந்த வீடு எப்ப வரும் மிஸ்?”

“பட்டியல் இருக்கு அக்கா. வீடு எப்ப எண்டு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல விருப்பமில்லை.”

“வேலி?”

“திங்கட்கிழமை குழி தோண்டத் துவங்குவினம். ஆறு மணிக்கு வேலிப் படலையைப் பூட்டினால் விடியத்தான் திறக்கிறது.”

பிரேமிளாவின் மகள் யதுர்ஷிகா தனியார் வகுப்பு முடிந்து சைக்கிளில் வீடு திரும்புவது ஆறரை மணிக்கு. அதை அவள் சொல்லவில்லை. மாற்ற வழியுண்டா என்று மட்டும் கேட்டாள். அருந்ததி வழியைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பொறியியலாளர் ஊருக்கு வந்து கூட்டம் நடத்துவார். பன்னிரண்டு குடும்பத்தாரும், தாங்கள் இங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் என்று உறுதியளித்துக் கையொப்பமிட வேண்டும். கோடு ஒன்றரைக் கிலோமீற்றர் நீளுமாகையால், ஊர் அபிவிருத்திச் சங்கமும் அதற்கு இணங்க வேண்டும். ஒரு குடும்பம் மறுத்தாலும் கோட்டை மாற்ற முடியாது. கையொப்பமிட்டவர்களின் பெயர்கள் வீட்டுப் பட்டியலிலிருந்து எடுக்கப்படும்.

“இரண்டும் சேத்துக் கிடைக்காதோ மிஸ்?”

“போறவைக்கு வேலி இல்லை, இருக்கிறவைக்கு வீடு இல்லை. சட்டம் அப்பிடித்தான் அக்கா.”

திரும்பி வரும் வழியில் அவளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்தப் படிவங்களை வாசிகசாலைக்காரர் கட்டாகக் கொடுத்தபோது அவள் தலைப்பை வாசிக்கவில்லை. வாசிக்கத் தோன்றவில்லை. மீள்குடியேறிய நாள்முதல் வந்த படிவங்களெல்லாம் ஒரே மாதிரியானவை. நிரந்தரம் என்று எழுதியவன் வீட்டுக்குத் தகரம் வரவில்லை; தற்காலிகம் என்று எழுதியவன் வீட்டுக்கு வந்தது. கூடாரச் சீலையும் மலசலகூடமும் அப்படியே வந்தன. ஆகவே அவளுடைய பேனை அந்த ஒரு சொல்லை எவரையும் கேளாமலே எழுதப் பழகியிருந்தது.

ஒரு காட்டில் ஒரு முயல் இருந்ததாம். ‘இது உன் வளையா?’ என்று நரி வந்து கேட்டபோது, ‘இல்லை ஐயா, இன்றைக்கு மட்டும் ஒதுங்கினேன்’ என்று அது சொல்லியது, நரி போய்விட்டது. பருந்து கேட்டபோதும் அதே மறுமொழி, பருந்தும் போய்விட்டது. அந்த மறுமொழியால் முயல் பலமுறை பிழைத்தது. ஒரு மாரியில் வெள்ளம் ஏறியபோது, ஆமைகள் கூடி மேட்டு நிலத்தை அக்காட்டின் குடிகளுக்குப் பங்கிட்டன. முயலின் வளையடிக்கு வந்து, ‘நீ இங்கே குடியிருப்பவனா?’ என்று கேட்டன. ‘இன்றைக்கு மட்டும் ஒதுங்கினேன்’ என்றது முயல். ஆமைகள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வளைக்குப் போயின. முயல் அவற்றை ஏமாற்ற நினைக்கவில்லை. அச்சத்தில் சொன்ன சொல் அதன் நாவில் தழும்பாகிப் போயிருந்தது. பின்வரிசை மக்களின் நாவிலும் அவ்வாறே.

படலையில் மீனம்மாவும் வேறு நான்கு பேரும் காத்து நின்றார்கள்.

“ஆபீசுல என்னா சொன்னாங்க புள்ள?”

“வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலை கதைக்கட்டாம்,” என்றாள் பிரேமிளா. அது உண்மைதான். ஆயினும் அதைச் சொல்லும்போது அவள் மீனம்மாவின் முகத்தைப் பார்க்காமல், இடிந்து கிடந்த குசினிச் சுவரைப் பார்த்தாள்.

“யாரு பண்ணுன தப்பாம்?”

“அது… கூட்டத்திலை தெரியும் அக்கா.”

“எவனா இருந்தாலும் சரி, அவன ரெண்டு நாளு என் குசினியில படுக்க வைக்கணும்,” என்றாள் மீனம்மா. மற்றவர்கள் சிரித்தார்கள். பிரேமிளா அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று முழுவதும் அவள் செய்த எந்த வேலையும் சரியாக அமையவில்லை. சோறு அடிப்பிடித்தது. மகள் கேட்ட கேள்விக்கு இரண்டு முறை வேறெதையோ சொன்னாள். யாராவது படலையைத் தொடும் ஓசை கேட்டால், கோவையோடு அருந்ததிதான் வந்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தாள். சொல்லாமல் விட்டால் என்ன என்றும் எண்ணினாள். திட்டத்தார் பிழை விட்டுவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டே இருக்கட்டும், எவருக்கும் தெரியவராது. ஆனால் கையொப்பமிடச் சொல்வதானால், எதைக் கைவிட்டு எதை வாங்குகிறோம் என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னால், அந்தப் பட்டியலில் பெயர் எப்படி ஏறிற்று என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுடைய எழுத்து எதிரே நின்றது.

வியாழக்கிழமை காலை, தேநீர் குடித்துக்கொண்டிருந்த கணவன் ரூபனிடம் முதலில் சொன்னாள். அவன் மேசன். புளியங்குளம் முதல் விசுவமடு வரை எத்தனையோ வீட்டுத்திட்டங்களில் வேலை செய்தவன். அவன் குவளையை நிலத்தில் வைத்தான்.

“நீயோ எழுதினனீ?”

“ஓம். தலைப்பை வாசிக்கேல்லை.”

“அது பிழைதான். இருக்கட்டும்.” அவன் எழுந்தான். “ஆனா கையெழுத்து வைக்கமாட்டன்.”

“என்னப்பா சொல்லுறியள்?”

“இஞ்சை பார். நான் கட்டிக் குடுத்த கல்வீடு நாப்பத்தொண்டு. ஒவ்வொண்டிலையும் கடைசி நாள் நிலத்துக்குச் சீமெந்து இழுக்கேக்கை, அடுத்தது என்ரை எண்டுதான் இழுத்தனான். இப்பதான் பேர் பட்டியலிலை ஏறியிருக்கு. அதை என்ரை கையாலை வெட்டச் சொல்லுறியோ?”

“வீடு எப்ப வரும் எண்டு அந்த மிஸ்ஸுக்கே தெரியாது.”

“யானை எப்ப வரும் எண்டும் ஒருத்தருக்கும் தெரியாது.”

“யானை மூண்டு கிழமைக்கு முன்னம் வந்தது.”

ரூபன் கரண்டிகளையும் மட்டப்பலகையையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினான். பன்னிரண்டில் ஒன்று மறுத்தாலும் கோடு மாறாது என்பதை அவனுக்குச் சொல்லவில்லையே என்று அவள் ஒழுங்கை வரை ஓடினாள். அதற்குள் அவன் முடக்கில் திரும்பி மறைந்துவிட்டான்.

பிற்பகலில் பதினொரு வீட்டாரையும் மீனம்மாவின் வளவுக்கு அழைத்தாள். நின்றுகொண்டே பேசினாள், உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவோமோ என்று அவளுக்கு அச்சமாக இருந்தது. படிவங்களை நிரப்பியது தானென்றும், தலைப்பை வாசிக்கவில்லையென்றும், வேலியா வீடா என்பதை நாளைக்குள் தீர்மானிக்க வேண்டுமென்றும் சொல்லி முடித்தாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “உனக்கு ஆர் அதிகாரம் தந்தது?” என்று ஒருவன் கேட்டான். கேட்டவன்தான் அந்தக் கட்டிலிருந்த தன் தாளை நிரப்பாமலே நீட்டி, ‘நீங்களே எழுதுங்கோ அக்கா’ என்று சொன்னவன். அதை அவள் நினைவூட்டவில்லை. “நம்பிக் குடுத்தம், காட்டிலை விட்டுட்டாள்,” என்றாள் ஒருத்தி. அந்தச் சொல் தைத்தது.

மீனம்மா கடைசியாகத்தான் வாயைத் திறந்தாள்.

“நேத்தே தெரியுமா ஒனக்கு?”

“தெரியும் அக்கா.”

“தெரிஞ்சும், நான் குசினில படுக்க வைக்கணும்னு சொன்னப்ப, பேசாம நின்ன?”

“ஓம்.”

“அதுதான் எனக்கு வலிக்குது. எழுதுனது வலிக்கல.” மீனம்மா மற்றவர்களைப் பார்த்தாள். “அந்தத் தாளுல அவ எழுதாட்டி நான் என்னா சொல்லியிருப்பேன்? தற்காலிகம்னுதான் சொல்லியிருப்பேன். நீங்களும் அப்பிடித்தான். எங்கப்பா தோட்டத்துல லயத்து வீட்டுல இருந்தப்பவும் அதத்தான் சொன்னாரு. நாம இங்கதான் இருக்கோம்னு ஒரு பேப்பருல எழுதுறது இதுதான் மொத தடவ. நான் ஒப்பம் வைக்கிறேன்.”

வளவு கலையும்போது எட்டுப் பேர் இணங்கியிருந்தார்கள். மூன்று பேர் வீட்டில் கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். தன் வீட்டைப் பற்றி எவரும் கேட்டுவிடக் கூடாதே என்று பிரேமிளா வேண்டிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. அவள் இணங்காமல் இருப்பாள் என்று எவருக்கும் தோன்றாததே அதற்குக் காரணம்.

ரூபன் பொழுதுபட்டு வந்தான். சாப்பிட்டான். ஒரு குடும்பம் மறுத்தாலும் கோடு மாறாது என்று அவள் சொன்னபோது, “தெரியும். வழியிலை சொன்னவை,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயை விரித்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பொதுநோக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேசையில் பொறியியலாளர் சுதாகரனும் அருந்ததியும் அமர்ந்திருந்தார்கள். நடுவில் சங்கத் தலைவர் இளையதம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்த குடும்பத்தவர். முன்வரிசையில் பெரிய வயல்காரர். பின்வரிசையாரில் மூன்று பேர் என்ன முடிவெடுத்தார்கள் என்பது பிரேமிளாவுக்கு இன்னும் தெரியாது. ரூபன் வந்திருந்தான், உள்ளே வராமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

“பின்வரிசையிலை இருந்து ஆரோ கதைக்கவேணுமாம்,” என்றார் இளையதம்பி.

பிரேமிளா எழுந்தாள். எழுதிக்கொண்டு வந்த தாளை விரித்தாள். “நான் பின்வரிசைப் பிரேமிளா…”

“ஆரெண்டு தெரியும் பிள்ளை. விசயத்துக்கு வா.”

“எங்கடை பன்னிரண்டு வீட்டையும் வேலிக்கு உள்ளை எடுக்கவேணும் ஐயா. பிழை திட்டத்தாரிலை இல்லை. தற்காலிகம், போகத் தயார் எண்டு பன்னிரண்டு படிவத்திலையும் எழுதினது நான். வாசியாமல் எழுதிப்போட்டன்.”

“வீட்டுக்கு ஆசைப்பட்டு வேலியை விட்டாச்சு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. மண்டபத்தில் சிரிப்பு பரவியது. அருந்ததி தலையைக் குனிந்துகொண்டாள்.

இளையதம்பி சிரிக்கவில்லை. “நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லு. போறம் எண்டு எழுதிக் குடுத்த ஆக்கள் இப்ப இருக்கிறம் எண்டு சொல்லுறியள். நாளைக்கு வீடு வருகுதெண்டால் திரும்பவும் போறம் எண்பியள். நீங்கள் போன பிறகு அந்த ஒண்டரைக் கிலோமீற்றருக்குப் பத்தை வெட்டுறது ஆர்? ஒரு கொடி கம்பியிலை படர்ந்தால் காணும், முழு வேலிக்கும் கறன்ற் போயிடும். பிறகு யானை என்ரை வயலுக்கை நிக்கும்.”

கேள்வி நியாயமானது. அதனாலேயே அவளுக்கு அச்சம் கூடியது. கையிலிருந்த தாளில் அதற்கு மறுமொழி எழுதப்பட்டிருக்கவில்லை. தாளை மடித்தாள்.

“ஐயா, உங்கடை அப்பா எப்ப காணி எடுத்தவர்?”

“அறுபத்தெட்டிலை. அதுக்கென்ன?”

“எங்கடையாக்கள் வந்தது எழுபத்தெட்டிலை. பத்து வருசந்தான் வித்தியாசம். உங்களுக்குக் காணி உறுதி இருந்தது. நீங்கள் ஒருநாளும் தற்காலிகம் எண்டு எழுதவேண்டி வரேல்லை. எங்களுக்கு அப்பிடி எழுதினால்தான் தலைக்கு மேலை தகரம் வந்தது. ஆனா ஐயா, நாப்பத்தேழு வருசத்திலை போர் கலைச்சதைத் தவிர, நாங்களாக எங்கேயாவது போனனாங்களோ? போறம் போறம் எண்டு எழுதினதெல்லாம் பொய். இருந்ததுதான் உண்மை.”

“பெட்டைக்கு வாய் நீண்டிட்டுது,” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“பத்தை வெட்டுறது நாங்கள். ஒண்டரைக் கிலோமீற்றரையும் பன்னிரண்டு வீட்டாரும் வெட்டுவம்,” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

பொறியியலாளர் இளையதம்பியைப் பார்த்தார். இளையதம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார். “பன்னிரண்டு பேரும் கையெழுத்து வைச்சால் சங்கத்துக்கு மறுப்பில்லை. ஒண்டு குறைஞ்சாலும் கதையில்லை,” என்றார்.

அருந்ததி பெயர்களை வாசித்தாள். மீனம்மா முதலில் எழுந்து வந்து மேசையருகே நின்றாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வீட்டில் கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொன்ன மூவரில் இருவர் உடனே வந்தார்கள். மூன்றாமவன், அதிகாரம் யார் தந்தது என்று கேட்டவன், தன் மனைவி முதுகில் தட்டிய பிறகு வந்தான். பதினொன்று. அருந்ததி பன்னிரண்டாவதாக ரூபனின் பெயரை வாசித்தாள்.

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரேமிளா மட்டும் பார்க்கவில்லை. தன் காலடியில் இருந்த சீமெந்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்காரி ஊருக்கு நியாயம் சொல்லுறா, வீட்டுக்காரன் வாசல்லை நிக்கிறார்!” என்றது அதே பழைய குரல். இம்முறை அவ்வளவாக எவரும் சிரிக்கவில்லை.

“சேர்,” என்றான் ரூபன், நின்ற இடத்திலிருந்தே. “கம்பத்துக்குக் குழி எத்தினை அடி?”

“மூண்டடி.”

“குளக்கட்டுக்குப் பின்பக்கம் மண் இளகல். மூண்டடி காணாது, மாரியிலை சாஞ்சிடும். நாலடி தோண்டி, அடியிலை கல்லுப் போட்டு இறுக்கோணும்.”

பொறியியலாளர் சற்று முன்னால் சாய்ந்தார். “நாலடியெண்டால் என்ரை ஆக்கள் தோண்டமாட்டினம். ஆர் தோண்டுறது?”

“நான் தோண்டுறன்,” என்று சொல்லி ரூபன் உள்ளே வந்தான். பிரேமிளாவைக் கடந்து போகையில் அவளைப் பார்க்கவில்லை. அவனுடைய கண்கள் சிவந்திருந்தன. நாற்பத்தொரு வீடுகளில் அவன் அடக்கிவைத்த ஆசையை அந்தச் சில அடி தூரத்தில் கைவிட்டான் என்பதை அவள் ஒருத்தியே அறிவாள்.

அருந்ததி உறுதிப் படிவத்தைப் பிரேமிளாவிடம் நீட்டினாள். “நீங்களே நிரப்புங்கோ அக்கா.”

பிரேமிளா பேனையை எடுத்தாள். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, தலைப்பிலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பிரிவும் முடிந்ததும் நிறுத்தி, விளங்கிற்றா என்று கேட்டாள். விளங்காத இடத்தைப் பொறியியலாளரிடம் கேட்டுச் சொன்னாள்.

“பிள்ளை, நாலரை ஆச்சு. உதெல்லாத்தையும் வாசிக்கவேணுமே?” என்றார் இளையதம்பி.

“வாசிக்கவேணும் ஐயா. விளங்காமல் ஒருத்தரும் கையெழுத்து வைக்கக்கூடாது.”

ஏழாம் பிரிவில் அவள் வாசிப்பதை நிறுத்தினாள். வேலியில் மின்னோட்டம் நின்று உயிருக்கோ பயிருக்கோ கேடு நேர்ந்தால், வேலிப் பொறுப்பாளரே முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பொறுப்பாளரின் பெயருக்கு ஒரு வெற்றுக்கோடு விடப்பட்டிருந்தது.

“இதிலை ஆரைப் போடுறது?” என்று கேட்டாள் அருந்ததி.

“பின்வரிசைக்கு மட்டும் ஒரு ஆள் போதாது,” என்றார் இளையதம்பி. “முழு வேலிக்கும் ஒரு ஆள் வேணும். நான் தலைவர்தான், ஆனா என்ரை முழங்காலோடை குளக்கட்டு வரைக்கும் நடக்கேலாது. இந்தப் பிள்ளையின்ரை பேரைப் போடுங்கோ.”

“ஐயா, நான் பிழை விட்ட ஆள்…”

“அதாலைதான் சொல்லுறன். இஞ்சை இருக்கிற எல்லாரும் பிழை விட்டவைதான். எழும்பி நிண்டு சொன்னது நீ ஒருத்திதான். கம்பி அறுந்தால் நீ ஒளிக்கமாட்டாய். வேறை ஆருக்கும் விருப்பமெண்டால் கையை உயர்த்துங்கோ.”

ஒரு கையும் உயரவில்லை. பிரேமிளாவுக்கு ஐப்பசி மழை நினைவுக்கு வந்தது. ஒரே கிழமையில் ஆள் உயரத்துக்கு எழும் பத்தைகளும், காட்டோரத்து முள்ளுக்கொடிகளும், நீளமான கம்பியும், அதன் உட்பக்கம் உறங்கும் எழுபதுக்கு மேற்பட்ட வீடுகளும் நினைவுக்கு வந்தன.

“இன்னொருக்கா வாசிக்கிறன்,” என்றாள். ஏழாம் பிரிவை மறுபடியும் வாசித்தாள். இம்முறை அவள் வாசித்தது மற்றவர்களுக்காக அன்று. வாசித்து முடித்து, கோட்டின்மேல் தன் பெயரை எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாக நின்று நின்று எழுதியதால், எழுத்து இந்தமுறை இடப்பக்கம் சாயவில்லை. பன்னிரண்டு பேரும் அதற்குக் கீழே ஒப்பமிட்டார்கள்.

கூட்டம் கலையும்போது, முன்வரிசையைச் சேர்ந்த கமலாட்சி என்ற பெண் அவளுடைய முழங்கையைத் தொட்டாள். இதுவரை தெருவில் கண்டால் தலையசைப்பதோடு நிற்பவள்.

“தங்கச்சி, கூட்டத்திலை கேக்கப் பயமாயிருந்தது. எங்கடை கிணத்தடியாலை கோடு போகுது. ஒரு கம்பம் கிணத்துக் கட்டிலையே வருகுது. தலைவருக்குச் சொன்னன், பாப்பம் எண்டவர். நீர் ஒருக்காச் சொல்லி மாத்துவீரோ?”

மாற்றிவிடலாம் என்ற சொல் பிரேமிளாவின் நாவின் நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

“நாளைக்குக் காலமை வந்து பாக்கிறன் அக்கா. பாத்த பிறகுதான் சொல்லுவன்.”

வாசலில் ரூபன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மணி ஐந்தரை. மகளின் வகுப்பு முடிய இன்னும் சற்று நேரம் இருந்தது. இருவரும் அவளை எதிர்கொள்ளக் காட்டோரப் பாதையால் நடந்தார்கள்.